முந்நூற்றெண்பது பேரில் ஒருவன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று போன வாரம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அங்கிருந்து வந்த முதல் போன் அதுதான். எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று தோசைத் திருப்பியும் கையுமாக ஓடினேன். அப்படி ஓடிப்போய் எடுத்தவனுக்கு மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா?

எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த ரிப்போர்ட் வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். நான் சறுக்கி விழுந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வேலை பழகியவர்கள் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரே ஒரு கேள்வியைத்தான் சொல்லிக்கொடுப்பேன். யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், இதை எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆயிரம் லைக், இன்னொன்றுக்குப் பத்து என்றால் ஒன்றுமே சொன்னதாகாது. முதலாவதைப் பின்தொடர்வது லட்சம் பேர், இரண்டாவதை நூறு பேர் என்று தெரிந்தால்தான் யார் பேச்சுக்கு ஆள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று புரியும். நல்ல கேள்விதான், இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தது நான் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்க்கும் வேலை. கம்பெனியை மூடினார்கள். மண்ணூர்பேட்டையில் ஸ்பிரிங் பட்டறைக்கு மேல்மாடியில் நம் ஆபீஸ் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கடைகளின் இணையப் பக்கங்களுக்கு வரும் லைக், கமெண்ட் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். கீழே பிரஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் மேஜையில் டீ நடுங்கும். என் டீம் லீடருக்கு இருபத்தாறு வயது, மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த பெண். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் லீடர் என்றே எழுதுகிறேன். முதல் வாரம் என்னை அங்கிள் என்றார். அவருடைய கூட்டலில் ஒரு தப்பைக் கண்டுபிடித்த பிறகு சார் ஆனேன்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. என் மனைவி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் செவிலியர். மகளும் அவளோடு இருந்து அங்கேயே படித்தாள். இரண்டு வருஷம் என்று போனது, நான் சொல்லும் சமயத்தில் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே. பட்டாபிராமில் மூன்று பேருக்கென்று வாங்கிய ஃபிளாட்டில், மூன்றாம் மாடியில், நான் ஒருவன் இருந்தேன். எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுவேன். மற்ற இரண்டு பேரில் ஒருத்தி பதில் போட்டால் ஐம்பது சதவீதம் ஆகிறது, பெரிய நடிகர்களுக்கே கிடைக்காத விகிதம் என்று ஒரு நாள் வேடிக்கையாக எழுதினேன். அதற்கு இரண்டு பேருமே பதில் போடவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி இருந்தது. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, அங்கே இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அந்தக் கிளைக்குத் தனியாக ஒரு பக்கம் உண்டு என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மகளுடைய படங்களைப் பார்ப்பதற்காக அவளே எனக்கு ஒரு கணக்கு தொடங்கித் தந்திருந்தாள். எந்நேரமும் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேலி செய்து அதற்கு ‘மூன்றாம் மாடி’ என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரில் பேக்கரிப் பக்கத்தைப் பின்தொடர்ந்தேன். ஒரு நாள் பன் படத்துக்குக் கீழே, நேற்றுத் தேங்காய் கொஞ்சம் குறைச்சல் என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: நாளைக்கு சரி பண்றோம் சார். மறுநாள் நிஜமாகவே தேங்காய் கூட இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு ஒரு காரியம் நடந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அதிலிருந்து தினமும் எழுதினேன். தேங்காயைப் பற்றி எவ்வளவுதான் எழுதுவது? மழை, ரயில் தாமதம், எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறது என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். நான் ஒன்று கேட்டால் அங்கிருந்து ஒன்று கேட்கப்படும். இப்படி ஏழு மாதம். அந்தப் பக்கத்தை யார் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டால் நின்றுவிடுமோ என்று கேட்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அதே பேக்கரியின் முதலாளி நம் ஆபீஸுக்கு வாடிக்கையாளராக வந்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம் என்று நான்கு கிளை, நான்கு பக்கம். நான்கையும் வைத்துக்கொண்டு அல்லாட முடியவில்லை என்றார். எந்தப் பக்கம் நன்றாக நடக்கிறதோ அதை நடத்துகிறவரை அம்பத்தூர் ஆபீஸில் உட்கார வைத்து எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரே பக்கமாக ஆக்கிவிடுவது, மற்ற மூன்றையும் நிறுத்திவிடுவது என்பது அவர் திட்டம். எது நல்ல பக்கம் என்று எண்ணிச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

இந்தப் பக்கத்தில் நான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கே லீடரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள் பேக்கரிப் பக்கத்தில் பன்னோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் ஒன்று. இத்தனை ஆயிரம் பேர் கணக்கில் நான் ஒரு ஆள் என்ன பெரிசு என்ற நினைப்பு இன்னொன்று. வெட்கத்தை மன்னித்துவிடலாம். இரண்டாவது, இந்தத் தொழிலில் வேலை பழக வந்த இருபது வயதுப் பிள்ளைகூடச் செய்யக் கூடாத தப்பு.

லீடர் முதலில் லைக்கையும் கமெண்டையும் அப்படியே கூட்டி வரிசைப்படுத்தியிருந்தார். அம்பத்தூர் எங்கேயோ மேலே நின்றது. பட்டாபிராம் கண்ணுக்கே தெரியவில்லை. இது நியாயம் இல்லை, பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்றேன். அம்பத்தூர்ப் பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர், ஒரு பதிவுக்கு அறுநூறு லைக்கும் கமெண்டும். நூறு பேருக்கு ஒன்றரை. பட்டாபிராமுக்கு முந்நூற்றெண்பது பேர், ஒரு பதிவுக்குப் பதினொன்று. நூறு பேருக்கு ஏறக்குறைய மூன்று. மற்ற இரண்டு கிளையும் ஒன்றைத் தாண்டவில்லை. அடிமட்டத்தில் கிடந்த பட்டாபிராம் ஒரே வகுத்தலில் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தது. லீடர் என்னை மெச்சினார். நியாயத்துக்காக அப்படிச் சொன்னேனா, பட்டாபிராம் மேலே வர வேண்டும் என்று உள்ளே ஒரு ஆசை சொல்லவைத்ததா என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கேட்டால் பதில் தெரியவில்லை.

நான்கு பக்கத்தையும் நடத்துகிறவர்களை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அம்பத்தூரில் பிரவீன் என்ற தம்பி, நன்றாகப் படம் எடுக்கிறவர், சுறுசுறுப்பு. ஆனால் கீழே வருகிற கேள்விகளுக்கு அவர் பதில் போடுவதில்லை. அவ்வளவு பேருக்கு எப்படிப் போட முடியும் என்றார், அதுவும் உண்மைதான். பிறகு பட்டாபிராம் வந்தோம். பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று லீடர் கேட்டார். நான்தான் மேடம் என்று கையைத் தூக்கியவர், எனக்கு ஏழு மாதமாகப் பில் போட்டுக்கொண்டிருந்த சுகந்தி. பக்கத்தில் அத்தனை பேச்சு பேசிய எங்களுக்குள், கல்லாவில் ஒரே ஒரு பேச்சுதான் நடந்திருக்கிறது. சில்லறை இருக்கா சார் என்பார். இருக்கிறது அல்லது இல்லை என்பேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு லீடரிடமே பேசினார். காலையில் ஒன்பது மணியிலிருந்து நின்றுகொண்டே பில் போடுகிறார், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, நிற்கிற வேலையை விடாவிட்டால் அறுவை வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உட்காருகிற வேலை ஒன்று வரப்போகிறது என்று கடையில் பேசிக்கொண்டார்களாம்.

“அந்த சேர் மட்டும் கெடச்சா போதும் மேடம். சாயங்காலம் ஆனா காலு ரெண்டும் கட்டை மாதிரி ஆயிடுது. ஊட்டுக்குப் போயி சமைக்கக்கூட நிக்க முடியல.”

லீடர் நம்பிக்கையாக ஏதோ சொன்னார். நான் பன் இருக்கிற கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிப்போர்ட்டை முதலாளியிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் லீடர் என் மேஜைக்கு வந்தார். ஒரு சின்னப் பக்கம் இவ்வளவு மேலே நிற்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. பட்டாபிராமின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். போனை என் பக்கம் திருப்பினார்.

“சார், இந்த ஆளப் பாருங்க. மூன்றாம் மாடியாம். எல்லா போஸ்ட்லயும் இவரே கீறாரு. இவரு மூணு கமெண்ட், அந்தப் பொண்ணு மூணு பதிலு, அதுக்கு மேல ஒரு லைக். பதினொண்ணுல ஏழு இவரால வந்தது சார். மிச்சம் நாலும் வெறும் லைக்கு.”

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழைக் கழித்தால் நான்கு. முந்நூற்றெண்பதுக்கு நான்கு என்றால் நூறு பேருக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. அம்பத்தூருக்குக் கீழே. நாற்பதாயிரம் பேர் கூட்டத்தில் நான் விடிய விடியக் கத்தியிருந்தாலும் ஒரு புள்ளி நகர்ந்திருக்காது. முந்நூற்றெண்பது பேர் இடத்தில் என் ஒருவன் பேச்சே பக்கத்தில் பாதிக்கு மேலாக இருந்திருக்கிறது. பல்சக்கரக் கம்பெனியில் ஒன்று சொல்வார்கள். எஃகு அளவுக் கட்டையை ரொம்ப நேரம் கையில் வைத்திருக்காதே, உள்ளங்கைச் சூட்டில் அது நீளும், தப்பான அளவைக் காட்டும் என்று. இருபத்திரண்டு வருஷம் அதை மற்றவர்களுக்குச் சொன்னவன், ஏழு மாதமாக அளவுக் கட்டையைக் கையிலேயே பொத்தி வைத்திருந்தேன்.

யார் சார் இவர், தெரியுமா என்று லீடர் கேட்டார். யாரோ வாடிக்கையாளர் போலிருக்கிறது என்று சொன்னேன். கடைக்காரங்க ஆளே போலி கணக்கில் எழுதறாங்களா என்று நாளைக்குள் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தேன். கை பட்டதால் அளவு கெட்டது, கையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை. நாம் இட்ட கமெண்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும் வசதி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டியதும் தொடங்கினேன். ஆவடியில் கூட்டம் ஏறி நெருக்கியது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அழித்தேன். படிக்காமல்தான் அழிக்க நினைத்தேன், ஆனாலும் நடுநடுவே கண்ணில் பட்டது. இன்னிக்கு ரயில் வந்துச்சா சார். எதிர்மாடித் துணி காஞ்சிதா சார். பட்டரவாக்கத்தில் இறங்கும்போது ஏழு மாதப் பேச்சில் ஒரு சொல் மிச்சம் இல்லை. நேர்மையாக ஒரு காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே ஆபீஸுக்கு நடந்தேன்.

லீடரிடம், அந்த ஆள் தன் கமெண்டுகளை எடுத்துவிட்டார் போலிருக்கிறது, புதிதாக எண்ணிவிட்டேன் என்றேன். நேற்று இருந்தவர் இன்றைக்கு எப்படிக் காணாமல் போனார் என்று என்னை உற்றுப் பார்த்தார். அதற்குள் முதலாளி மாடி ஏறி வந்துவிட்டார்.

அவர் எண்களைப் பார்த்தார். அம்பத்தூர் ஒன்றரை, பட்டாபிராம் ஒன்றும் சொச்சமும். இரண்டும் கிட்டக் கிட்டத்தானே இருக்கிறது என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். லைக் கிடக்கட்டும், கடை என்றால் வந்தவனிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும், நம் பக்கங்களில் யார் அப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டார். லீடருக்கு முகம் மலர்ந்தது. பட்டாபிராம் சுகந்தி ஒன்று விடாமல் பதில் சொல்கிறார் சார், பாருங்கள் என்று பக்கத்தைத் திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினார்.

ஒவ்வொரு பதிவாக இறக்கிக்கொண்டே போனார். பன், கேக், பிஸ்கட், மறுபடியும் பன். எதற்குக் கீழும் ஒரு பதில்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கமெண்டை அழித்தால் அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களும் கூடவே போய்விடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ரயிலில் என் பேச்சைத்தான் அழிக்கிறேன் என்ற ஒரே நினைப்பில் இருந்ததால், சுகந்தியின் பேச்சையும் சேர்த்து அழிக்கிறேன் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அவர் ஏழு மாதம் நின்றுகொண்டே, பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் செய்த வேலைக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

“அங்கயும் பதில் இல்ல, இங்கயும் பதில் இல்ல,” என்றார் முதலாளி. “அப்ப பெரிய பக்கத்தையே வச்சுக்கலாமே.”

லீடர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய நேரம் அது. பதில் இருந்தது ஐயா, அழித்தவன் நான் என்று ஐந்து வார்த்தை. மூன்றாம் மாடி நான்தான் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். கீழே பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் முதலாளி போனை எடுத்து அம்பத்தூருக்குப் பேசி, அடுத்த மாதத்திலிருந்து நீ ஆபீஸில் உட்காரலாம் என்று பிரவீனிடம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அந்தத் தம்பி சந்தோஷத்தில் ஏதேதோ சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் போனை வைத்த பிறகு சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா சார்? இப்ப அந்தத் தம்பிக்கு வாக்குக் கொடுத்தாச்சே.”

முதலாளி படி இறங்கிப் போனார். லீடர் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நேத்து நான் கேட்டப்போ, அது நான்தாம்மான்னு சொல்லியிருந்தா, நான் இன்னா பண்ணியிருப்பேன் சார்? ஒரு குறிப்பு போட்டிருப்பேன். கமெண்டு ஒரு ஆளுதான், ஆனா கடை பதில் சொல்லுதுன்னு. அவ்ளோதான்.”

அவ்வளவுதான். ஒரே ஒரு வரிக் குறிப்பு. அந்தப் பெண்ணின் இரண்டு கால்களும் அந்த ஒரு வரியில் இருந்தன.

சாயங்காலம் பட்டாபிராமில் இறங்கி, வேறு வழியாக வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பேக்கரிக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் போகிறவரைக்கும் காத்திருந்தேன். சுகந்தி கேட்காமலேயே இரண்டு தேங்காய் பன்னுக்குப் பில் போட்டார். நான்தான் மூன்றாம் மாடி என்றேன்.

“தெரியும் சார்.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “பில்லு போடுறவளுக்குத் தெரியாதா? தேங்கா கம்மின்னு எழுதினீங்களே, அதுக்கு மொத நாளு தேங்கா பன்னு வாங்கின ஒரே ஆளு நீங்கதான்.”

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் கல்லாவில் பேசவில்லை என்பதால் அவரும் பேசவில்லை. சாருக்கு எழுதறதுதான் சௌகரியம் போல என்று விட்டுவிட்டாராம். நாற்காலி பிரவீனுக்குப் போன விஷயம் மத்தியானமே கடைக்கு வந்துவிட்டது. ஏன் போனது என்று நான் சொன்னேன். ரயில், அழித்தது, சுவரில் வெறுமையாக ஓடிய பக்கம், நான் வாய் திறக்காத இரண்டு நிமிஷம், எல்லாவற்றையும். அவர் கல்லாப் பெட்டியின் மேல் கையை ஊன்றி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு கேட்டார்.

“காலைல பார்த்தேன் சார். ஒண்ணுமே இல்ல. எதனா தப்பா எழுதிட்டேனான்னு மதியம் வரைக்கும் யோசிச்சினு இருந்தேன். ராத்திரி உங்களுக்கு எதனா ஆயிடுச்சான்னு கூட நெனச்சேன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“சேர் போனது ஒரு பக்கம் சார். உங்க பேச்ச நீங்க அழிச்சிக்கலாம், அது உங்களுது. அதுல பாதி என்னுது. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?”

பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். சுகந்தி பன் பையை என் பக்கம் நகர்த்தினார். சில்லறை இருக்கா சார் என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன்.

இனிமேல் கல்லாவிலேயே பேச வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் முயன்றேன். வெயில் அதிகம் என்றேன், ஆமாம் சார் என்றார். அதற்குமேல் எனக்கு வரவில்லை. எழுத்தில் வந்தது வாயில் வரவில்லை. மூன்று மாதம் கழித்துக் கல்லாவில் வேறு பெண் நின்றார். சுகந்தி அக்கா ஆவடியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள் என்றார் அந்தப் பெண். உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்று கேட்டேன். உட்கார்ந்துதான் என்றார். அன்றைக்கு வீடு வரைக்கும் கொஞ்சம் லேசாக நடந்தேன். அது என்னால் கிடைத்ததில்லை, அவரே தேடிக்கொண்டது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வகுக்கத் தெரிந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். பெரிய பக்கத்தையும் சின்னப் பக்கத்தையும் ஒரே தராசில் நிறுப்பதற்கு முன்னால், சின்னப் பக்கத்தை அதன் போன மாதத்தோடு நிறுத்துப் பாருங்கள். நாற்பதாயிரம் பேரில் ஒருவர் தூசி, முந்நூற்றெண்பது பேரில் அவர் ஒரு சுவர், அதை எடுத்தால் மேலே இருப்பது சரியும். எண்ணுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நீங்களே இருந்தால் வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். கணக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையும் அழிக்காதீர்கள். அழிப்பது வேறு, கழிப்பது வேறு. கழித்ததைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். பேச வேண்டியதை இரண்டு நிமிஷம் தள்ளிப்போடாதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மகளுக்கு மஸ்கட்டிலேயே வேலை கிடைத்துவிட்டது. மனைவி அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், போன வருஷமும் சொல்லியிருந்தாள். வீட்டுக் குழுவில் காலை வணக்கத்தை இப்போதும் போடுகிறேன். விகிதம் கணக்குப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பட்டாபிராம் பக்கத்தை யாரும் மூடவில்லை. கடவுச்சொல் சுகந்தியிடம் இருந்தது, கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. கடைசிப் பதிவு ஒரு தட்டு நிறையத் தேங்காய் பன். இனி எங்களை அம்பத்தூர்ப் பக்கத்தில் பார்க்கவும் என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, ஓய்வு பெற்ற அன்று, நான் ஒரு வரி எழுதினேன். இன்றைக்குத் தேங்காய் சரியாக இருந்தது.

அடுத்த தடவை நீங்கள் அந்தப் பேக்கரியின் கணக்கை எடுக்கும்போது, இந்தப் பழைய பக்கமும் கூடவே வந்து நிற்கும். கடைசிப் பதிவு, ஒரு கமெண்ட், பதில் இல்லை என்று காட்டும். யார் இந்த மூன்றாம் மாடி என்று யாரையும் கேட்க வேண்டாம். அது நான்தான்.